எடைச் சனி

(சுரக்குடியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்தைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஜாதியைப் பற்றியோ சாமியைப் பற்றியோ பேசுவார்களென்று எதிர்பார்த்து வந்த இடத்தில், உடம்பின் பருமனைப் பற்றிப் பேசுகிறார்களே என்று நினைக்கலாம். ஆனால் மனிதனை மனிதன் இழிவாய் நடத்துவதற்கு எது சாக்காய் இருந்தாலும், அதைப் பற்றிப் பேச வேண்டியது சுயமரியாதைக்காரன் கடமையாகும். ஆராய்ந்து பாராமல் ஒன்றை நம்பிக்கொண்டு, அதனால் தேகத்தையும் உயிரையும் கெடுத்துக்கொள்ளுகிறார்களென்றால், அதைப் பற்றிப் பேச வேண்டியது பகுத்தறிவுக்காரன் கடமையாகும். இந்தப் பருமன் விஷயத்தில் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

இந்தச் சுரக்குடிக்குப் பக்கத்தில்தான் திருநள்ளாறு இருக்கிறது. சனிப்பெயர்ச்சி என்றால் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் லட்சக்கணக்கில் வந்து, குளத்தில் முழுகி, கட்டின துணியையும் அங்கேயே விட்டுவிட்டுப் போவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வியாபாரத்தில் நஷ்டமா? சனி. பெண்ணுக்குக் கலியாணம் ஆகவில்லையா? சனி. மாடு செத்துவிட்டதா? அதுவும் சனி. இப்படி ஒரே பதிலை வைத்துக்கொண்டால் காரணத்தைத் தேடுகிற சிரமம் இல்லாமற்போகிறதல்லவா? அதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். ஆனால் படித்தவர்களென்றும் விஞ்ஞானம் தெரிந்தவர்களென்றும் சொல்லிக்கொள்ளுகிறவர்கள் இன்று மற்றொரு சனியை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அதுதான் எடை. முழங்கால் வலியா? எடை. மூச்சு வாங்குகிறதா? எடை. பிள்ளையில்லையா? எடை. மெலிந்தவனுக்கு இதே கஷ்டங்கள் வந்தால் மாத்திரம் பரிசோதனை செய்து பார்க்கிறார்கள். பருத்தவருக்கு வந்தாலோ கண்ணால் பார்த்தவுடனேயே ஜோசியம் சொல்லிவிடுகிறார்கள்.

நம் குடும்பத்தில் நடந்த சங்கதியையே சொல்லுகிறோம். நமது அக்காள் பருத்த சரீரமுடையவர். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதே அவருக்குப் ‘பூசணிக்காய்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அத்தானோ முருங்கைக்காய் போன்ற தேகம். வயல் வேலை செய்கிறவர். சில வருஷங்களுக்கு முன் அக்காளுக்குத் தீராத அசதி கண்டது. ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்த டாக்டர் நாடியும் பார்க்கவில்லை, ரத்தமும் எடுக்கவில்லை. “முதலில் உடம்பைக் குறைத்துக்கொண்டு வா, அம்மா” என்று பத்துப் பேர் எதிரில் சொல்லி அனுப்பிவிட்டார். அக்காள் அழுதுகொண்டு வந்தவர், அதற்குப் பிறகு இரண்டு வருஷகாலம் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவில்லை. கடைசியாக நாமே வற்புறுத்தி வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் ரத்தத்தைச் சோதித்து, தைராய்டு சுரப்பியின் வேலை குறைந்திருக்கிறதென்று சொல்லி, தினம் ஒரு மாத்திரை கொடுத்தார். அசதி போயிற்று. பருமன் அநேகமாய் அப்படியேதான் இருக்கிறது, ஆள் சுகமாயிருக்கிறார்.

அன்றைய தினம் துணைக்கு வந்திருந்த அத்தானையும், வந்ததுதான் வந்தீர்களே, நீங்களும் ரத்தம் கொடுங்கள் என்றோம். “எனக்கென்ன, உடம்பில் சதையா இருக்கிறது?” என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். சர்க்கரை 300-க்கு மேல் இருந்தது! காலில் ஆறாமலிருந்த புண்ணை மண்வெட்டிக் காயம் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு விரல்களை எடுக்கும்படி ஆயிற்று. பருத்தவர் என்பதற்காக அக்காளைச் சோதிக்கவில்லை. மெலிந்தவர் என்பதற்காக அத்தானைச் சோதிக்கவில்லை. கண்ணால் பார்த்து வியாதி சொல்லும் இந்த மூடநம்பிக்கை, ஒரே வீட்டில் இரண்டு பேரைக் கெடுத்தது.

நிற்க, பருமனைப் பற்றி நம் ஜனங்களுக்கு இருக்கும் அபிப்பிராயம்தான் நிலையானதா என்று பாருங்கள். நம் டெல்டாவில் ஒரு காலத்தில் மிராசுதாருக்குத் தொந்தி இருந்தால் அது லட்சணம். பண்ணையாளுக்குத் தொந்தி வர வழியே கிடையாது. வயிறு நிறைந்தால்தானே வயிறு பெருக்கும்! அப்பொழுது பருமன் கௌரவமாயிருந்தது. இன்று ஏழை வீட்டிலும் இரண்டு வேளை அரிசிச் சோறும், எண்ணெயில் பொரித்த பண்டமும் கிடைக்கின்றன; பருமனும் அங்கே வந்துவிட்டது. எல்லோருக்கும் கிடைப்பது எப்படிக் கௌரவமாகும்? உடனே மெலிவு கௌரவமாகிவிட்டது. இதில் ஆரோக்கியத்தைப் பற்றிய கவலை எவ்வளவு, அந்தஸ்தைப் பற்றிய கவலை எவ்வளவு என்று யோசியுங்கள்.

அரச மரத்தடியில் தொந்தியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டுவிட்டு, அப்படியே திரும்பி, தெருவில் போகும் தொந்திக்காரரைப் பரிகாசம் செய்கிறானே, அவனுக்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்? கல்லுக்கு இருந்தால் கடாட்சம், மனிதனுக்கு இருந்தால் கேலியா?

பெண்கள் விஷயம் இதிலும் மோசம். நம் காரைக்காலில் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா நடத்துகிறார்களே, அந்த அம்மையாரின் கதை என்ன? புருஷன் பரமதத்தன் விட்டுப் போய், வேறு கலியாணமும் செய்துகொண்டான். அவனுக்காகத் தாங்கிய சதை இனி வேண்டாமென்று அம்மையார் வேண்டிக்கொள்ள, சதையெல்லாம் உதிர்ந்து எலும்புருவமானார் என்று புராணம் சொல்லுகிறது. இது நடந்ததா இல்லையா என்ற ஆராய்ச்சி இப்பொழுது நமக்கு வேண்டாம். ஒரு பெண்ணின் தேகம் அவளுடையதல்ல, புருஷனுக்காக அவள் சுமக்கும் சுமை என்னும் எண்ணம் அதில் இருக்கிறதா இல்லையா என்றுதான் கேட்கிறோம். இன்றும் கலியாணப் பேச்சில் பெண்ணின் படிப்பைக் கேட்பதற்கு முன் உடம்பைக் கேட்கிறார்கள். தாலி வேண்டாம், புரோகிதன் வேண்டாம் என்று மேடையில் முழங்கும் நம் வாலிபர்களிலும் சிலர், பெண் மாத்திரம் ஒல்லியாயிருக்க வேண்டுமென்கிறார்கள். தாய்மார்களே, அப்படிக் கேட்கிறவனிடம் அவன் இடுப்பின் சுற்றளவைத் தயங்காமல் கேளுங்கள்.

2025 நவம்பரில் சென்னையில் நடந்த சங்கதி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு சினிமாப் படத்தில் கதாநாயகன் கதாநாயகியைத் தூக்குகிற காட்சி இருந்ததாம். அதற்காக அந்த நடிகையின் எடை என்ன என்று ஒருவர் கதாநாயகனைக் கேட்டார். கௌரி கிஷன் என்னும் அந்த நடிகை பிறகு நடந்த பத்திரிகையாளர் கூட்டத்தில், இப்படிக் கேட்பது தம்மை அவமதிப்பதாகும் என்று முகத்துக்கு நேரே எதிர்த்தார். கேட்டவர் தம் கேள்வியில் தவறில்லை என்றே வாதாடினார். மேடையிலிருந்த ஆண்கள் வாயைத் திறக்கவில்லை. பிறகு நடிகர் சங்கமும் பத்திரிகையாளர் மன்றமும் கண்டித்த பின்தான் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. நெல் மூட்டைக்கு எடை கேட்பது நியாயம். வேலைக்கு வந்த பெண்ணுக்கு எடை கேட்பது என்ன நியாயம்?

ஆண்களையும் விடுவதில்லை. 2025 மார்ச்சில் இந்திய கிரிக்கெட் தலைவர் ரோகித் சர்மா பருத்திருக்கிறார் என்று ஓர் அரசியல் கட்சியின் பேச்சாளர் எழுதினார். ஒரு வாரத்துக்குள் அதே ரோகித் சர்மா சாம்பியன்ஸ் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் 76 ஓட்டம் எடுத்து, ஆட்ட நாயகன் விருதும் பெற்று, கோப்பையையும் கொண்டுவந்தார். பார்வைக்கும் திறமைக்கும் எவ்வளவு சம்பந்தம் என்பதற்கு இது போதாதா?

சரி, “அவமதிப்பது தவறுதான், ஆனால் டாக்டர்கள் கணக்குப் போட்டல்லவா சொல்லுகிறார்கள்?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். அந்தக் கணக்கையும் பார்ப்போம். எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். 64 கிலோ எடையும் 1.6 மீட்டர் உயரமும் உள்ள ஓர் அம்மாளுக்கு, முதல் தடவை வகுத்தால் 40, இரண்டாம் தடவை 25. இந்த 25-தான் அவருடைய உடல் நிறை எண்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் வைத்தியரல்ல. பெல்ஜியம் தேசத்து வானசாஸ்திரியும் புள்ளிவிவரக்காரருமான குவெட்லெ என்பவர், 1830-களில், ஜனக்கூட்டத்தில் சராசரி மனிதன் எப்படியிருப்பான் என்று அறிவதற்காகப் போட்ட கணக்கு அது. 1972-ல் அமெரிக்காவில் ஆன்செல் கீஸ் என்னும் ஆராய்ச்சிக்காரர்தான் அதற்கு இப்போதைய பேரைக் கொடுத்துப் பிரபலமாக்கினார். கூட்டத்தை அளப்பதற்கு ஏற்பட்ட முழக்கோலைத் தனி மனிதனின் விதியாக்கியது பின்னால் வந்தவர்களின் வேலை.

விதியாவது நிலையாய் இருந்ததா? 1998-ல் அமெரிக்காவில் பருமனுக்கு உரிய எல்லையை 25-க்கு இறக்கினார்கள். ஒரு கைப்பிடி சோறு கூடச் சாப்பிடாமல் இரண்டு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் ஒரே நாளில் பருத்தவர்களாகிவிட்டார்கள்! 2004-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள், ஆசியாக்காரர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை வேண்டுமென்றார்கள். 2009-ல் இந்திய நிபுணர்கள் 25-ஐயே உடற்பருமன் நோயின் ஆரம்பம் என்று வைத்தார்கள். ஆகவே நாம் சொன்ன அம்மாள் லண்டனில் இருந்தால் சற்றுப் பூசினாற்போன்றவர். சென்னையில் வந்து இறங்கினால் நோயாளி.

ஆனால் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடக்கூடாது. எல்லையை ஏன் இறக்கினார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. புனாவைச் சேர்ந்த யாஜ்னிக் என்ற டாக்டரும், லண்டனைச் சேர்ந்த யுட்கின் என்ற டாக்டரும் 2004-ல் தங்களையே அளந்து ‘லான்செட்’ பத்திரிகையில் படத்தோடு வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே: 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக் உடம்பில் 21.2 பங்கு! நம் நாட்டார் வெளியே மெலிந்து தோன்றினாலும், வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிக் கொழுப்புச் சேர்கிறது. அதுதான் சர்க்கரை வியாதிக்கு வழி செய்கிறது. நம் அத்தானின் கதை இதுதான். ஆகவே தராசு பருத்தவருக்கும் பொய் சொல்லுகிறது, மெலிந்தவருக்கும் பொய் சொல்லுகிறது.

இனி, இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நாம் யோக்கியமாகப் பேசியவர்களாக மாட்டோம். அமெரிக்காவில் 1969-ல் பருத்தவர்களுக்காக ஒரு சங்கம் ஏற்பட்டது. 1973-ல் கலிபோர்னியாவில் சில பெண்கள், பருத்தவர்களுக்கும் சம உரிமையும் மரியாதையும் வேண்டுமென்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வேலையிலும் படிப்பிலும் வைத்தியத்திலும் எங்களை இழிவாய் நடத்தாதே என்று அவர்கள் கேட்டது முற்றிலும் நியாயம். அது சுயமரியாதைக் கிளர்ச்சியேயாகும். ஆனால் அந்த வழியில் வந்தவர்களில் சிலர், பருமனால் தேகத்துக்கு எந்தக் கெடுதியுமே இல்லையென்று சொல்லுகிறார்கள். அதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. இழிவை ஒழிப்பதற்காக உண்மையை ஒழிக்க வேண்டியதில்லை.

நம் புதுச்சேரிப் பிரதேசத்தின் நிலையைப் பாருங்கள். 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, இங்கே பெண்களில் நூற்றுக்கு 46 பேர் 25 என்ற எல்லைக்கு வந்தவர்கள் அல்லது அதைத் தாண்டியவர்கள்; இந்தியா முழுவதற்கும் நூற்றுக்கு 24 பேர்தான். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்கின்படி, இங்கே பெரியவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குச் சர்க்கரை வியாதி. கோவாவுக்கு அடுத்தபடி நாம்தான். அதிகப் பருமனால் மூட்டுத் தேய்வும், ரத்தக்கொதிப்பும், தூக்கத்தில் மூச்சடைப்பும் வருகின்றன. 13 வகைப் புற்றுநோய்களுக்கும் அதற்கும் சம்பந்தமுண்டென்று 2016-ல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் தெரிவித்தது. இதையெல்லாம் மறைப்பது நம் ஜனங்களுக்குச் செய்யும் துரோகமாகும்.

பண்டிதர்களுக்குள்ளும் வாதம் உண்டு. 2013-ல் அமெரிக்க அரசாங்கப் புள்ளிவிவர நிலையத்தைச் சேர்ந்த ஃபிளெகல் என்ற அம்மையாரும் அவர் கூட்டாளிகளும் 97 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து, 25-க்கும் 30-க்கும் நடுவிலுள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே சாகிறார்களென்று சொன்னார்கள். 2016-ல் வேறு பலர் ஒரு கோடிப் பேரின் கணக்கை எடுத்து, புகை பிடிப்பவர்களையும் முன்பே நோயாளிகளாயிருந்தவர்களையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், 25-ஐத் தாண்டியவுடனேயே அபாயம் ஏறுகிறதென்றார்கள். புகையும் காசமும் ஆளை இளைக்க வைத்துத்தானே கொல்லுகின்றன? அந்த மெலிந்தவர்களையும் கணக்கில் சேர்த்தால் மெலிவே எமனாகத் தோன்றும். எல்லைக்கு அருகிலுள்ளவர்களைப் பற்றித்தான் இந்த வாதமெல்லாம். 35, 40 என்று ஏறிவிட்டால் அபாயம் உண்டென்பதில் இரு கட்சியாரும் ஒன்றே.

அப்படியானால் என்ன செய்வது? இதற்கு நம் சென்னையிலேயே பதில் கிடைத்திருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவர் கூட்டாளிகளும் சர்க்கரை வியாதி வரும் நிலையிலிருந்த 531 பேரை எடுத்து ஆராய்ந்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சும்மா விடப்பட்டவர்களில் மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. நடையும் உணவுத் திட்டமும் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களிலோ 39 பேருக்குத்தான் வந்தது. இதில் முக்கியமான சங்கதி என்னவென்றால், அவர்களுக்கு எடை சொல்லத்தக்க அளவு குறையவேயில்லை! தராசின் முள் அசையாதிருக்கும்போதே உள்ளே ரத்தம் சீர்பட்டிருக்கிறது. எடை குறையவில்லையே என்று மனமொடிந்து நடப்பதை நிறுத்தியவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு இதை யாராவது சொன்னார்களா?

2025 ஜனவரியில் பல தேசத்து நிபுணர்கள் 50 பேருக்கு மேல் சேர்ந்து ஒரு முடிவு வெளியிட்டார்கள். உடல் நிறை எண்ணை மாத்திரம் வைத்து ஒருவரை நோயாளி என்று சொல்லக்கூடாது. இடுப்புச் சுற்றளவையும் பார்க்க வேண்டும். பருமனால் உறுப்புகள் கெட்டிருந்தால் அது நோய், கெடாதிருந்தால் அது எச்சரிக்கை மாத்திரமே என்பது அந்த முடிவு. நமது அக்காள் தன் கண்ணீரால் தெரிந்துகொண்டதை நிபுணர்கள் சபை கூடி ஒப்புக்கொண்டார்களென்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வெட்கம் இருக்குமிடத்தில் வியாபாரம் இருக்கும். மாதத்தில் பத்துக் கிலோ குறைக்கிறோமென்று பொடியும், லேகியமும், கச்சையும் விற்கிறார்கள். தாயத்து விற்றவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? உண்மையாகவே வேலை செய்யும் மருந்துகளும் வந்திருக்கின்றன. மவுஞ்சாரோ, வெகோவி என்னும் ஊசிகள் 2025-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. தேவையுள்ள நோயாளிக்கு அவை உதவும். ஆனால் வெகோவி மருந்தை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பி வந்துவிட்டதென்று ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. கலியாணத்துக்கு முன் மெலிய வேண்டுமென்று டாக்டர் சீட்டில்லாமல் போட்டுக்கொள்ள அது பூச்சூடும் காரியமல்ல. 2024 ஏப்ரலில் நம் புதுச்சேரி வாலிபர் ஒருவர், பருமனைக் குறைப்பதற்காகச் சென்னைப் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் அறுவைச் சிகிச்சைக்குப் போய், உயிரோடு திரும்பவில்லை. அரசாங்கம் விசாரணையும் நடத்தியது. அறுவைச் சிகிச்சையே கூடாதென்று நாம் சொல்லவில்லை; கடும் பருமனுள்ள பலருக்கு அது உயிர் கொடுத்திருக்கிறது. அவசியத்தினால் போகிறோமா, பிறர் பரிகாசத்தினால் போகிறோமா என்று ஒருமுறை யோசித்துப் போங்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

“தின்று கொழுத்தவன்” என்று சுலபமாய்ச் சொல்லிவிடுகிறார்கள். 1990-ல் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க டாக்டரும் அவர் கூட்டாளிகளும், சிறு வயதிலேயே பிரிந்து வேறு வேறு வீட்டில் வளர்ந்த இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். தனித்தனிச் சோறு தின்று வளர்ந்தும், ஒருவர் பருமனைப் போலவே மற்றவர் பருமனும் இருந்தது. பிறவிக்கும் அதில் பெரும் பங்குண்டு என்பதுதானே இதன் பொருள்? பிறவியினால் வந்ததைக் கொண்டு ஒருவனைத் தாழ்த்துவது எந்தப் புத்தி என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புத்தியோடு சண்டை போடுவதற்காகத்தானே நாம் கூடியிருக்கிறோம்!

மீதிப் பங்கு சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் பொறுத்தது. அதிலும் தனி மனிதனை மாத்திரம் குற்றம் சொல்ல முடியுமா? பெண்கள் சாயங்காலத்தில் நாலு பேராய் ரோட்டில் நடந்தால் கடைத்தெருவில் உட்கார்ந்திருக்கும் வாலிபர்கள் என்ன சொல்லுகிறார்கள்? “லாரி வருகிறது, ஒதுங்கு” என்கிறார்கள். அந்தப் பெண் மறுநாள் நடக்க வருவாளா? பருமன் கெடுதி என்று உபதேசம் செய்வதும் நீங்கள். நடக்க வந்தவளை வீட்டுக்குள் விரட்டுவதும் நீங்களென்றால், உங்களுக்கு அவள் ஆரோக்கியத்தில் என்ன அக்கறை இருக்கிறது? மெலிந்தவன் நம் காரைக்கால் சாராயக் கடை வாசலில் விழுந்து கிடந்தால், அவன் ஈரலைப் பற்றி ஒருவரும் உபதேசம் செய்வதில்லையே!

ஆகவே, தோழர்களே! நாம் வேண்டிக்கொள்ளுவது சில காரியங்கள்தான். முப்பது வயதானவர்கள், பருத்தவரானாலும் மெலிந்தவரானாலும், வருஷம் ஒரு தடவை சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கேட்பதில்லை. ஒரு நாடாவை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேலும், பெண்ணுக்கு 80-க்கு மேலும் போனால் அழவும் வேண்டாம், அலட்சியமாயிருக்கவும் வேண்டாம்; ரத்தத்தைச் சோதியுங்கள், சோற்றைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டுங்கள், தினம் நடந்து போங்கள். எடையை மாத்திரம் சொல்லி அனுப்பும் டாக்டரிடம், “ஐயா, மெலிந்தவருக்கு இதே வலி வந்தால் என்ன சோதனை செய்வீர்களோ, அதை எனக்கும் செய்யுங்கள்” என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. குழந்தைகளுக்குப் பூசணிக்காய், குண்டு என்று பேர் வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நமது அக்காளுக்கு அந்தப் பேர் வைத்தவர்கள் செத்துப் போனார்கள், அந்தப் பேர் இன்னும் சாகவில்லை.

இவற்றையெல்லாம் நாம் சொல்லுகிறோமென்பதற்காக நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். தெரிந்த டாக்டரைக் கேளுங்கள். சரியென்று பட்டால் செய்யுங்கள். நாளைக் காலையில் நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுப்பார்கள். இந்தக் கூட்டத்தில் இருக்கும் பருத்தவர்களைவிட, “நமக்கென்ன” என்று உட்கார்ந்திருக்கும் மெலிந்தவர்கள் முதலில் வந்து கையை நீட்டும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.